மூன்றாம் அலசல்

படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்துபோன விரிப்பை எவ்வளவு சூட்டில் தேய்த்தாலும் சுருக்கம் போகாது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தாலோ நீராவிதான் குபுகுபுவென்று கிளம்புமே தவிர, துணி தொளதொளவென்றுதான் வெளியே வரும். கையில் எடுத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். முறுக்கினால் ஒரு சொட்டும் விழக் கூடாது. அந்தப் பதத்தில்தான் ரோலரில் கொடுக்க வேண்டும்.

அந்த லாண்டரியின் ரோலர், ஓர் ஆள் கையைக் காலை நீட்டிப் படுத்தாலும் மிச்சமிருக்கும் அகலம். உள்ளே நீராவி ஓடும் இரும்பு உருளை. அதன்மேல் தடித்த கம்பளம் சுற்றிய இன்னோர் உருளை அழுத்திக்கொண்டே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் விரிப்பின் தைத்த விளிம்பைக் கொடுத்தால் சரசரவென்று இழுத்துக்கொண்டு போய், பின்பக்கத்துப் பலகையில் சுடச்சுடத் தள்ளிவிடும். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருத்தர் கண்ணிமைக்கும் நேரம் முந்திவிட்டாலும் துணி கோணலாக உள்ளே போகும். போகப் போக ஓரத்தில் மடிப்பு விழும். விழுந்த மடிப்பு சூட்டில் வெந்து நிற்கும். அப்புறம் தண்ணீர் தெளித்து முதலிலிருந்து ஆரம்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லாண்டரியம்மாவும் அவள் மகளும் எண்ணிக்கொண்டெல்லாம் விடுவதில்லை. அம்மாக்காரி மூச்சோடு மூச்சாக “ம்” என்பாள். இரண்டு பேர் கையும் விட்டிருக்கும். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை இப்படித்தான். தவழ்கிற வயதில் துணி கிளிப்புகளைக் காதிலும் விரலிலும் மாட்டிக்கொண்டு கூடம் முழுக்க ஊர்ந்ததால் அவளுக்குக் கிளிப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது பட்டப்படிப்பே முடித்துவிட்டாள். தெருவில் யாரும் பெயரை மாற்றவில்லை.

இந்தக் கிளிப்புதான் கல்லூரியின் கடைசிக்கு முந்தைய வருஷம், மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று ஒன்றில் தேர்வாகி, கடல் தாண்டிக் குளிர்தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அரை வருஷம் போய் வந்தாள். பனிக்கட்டியைப் பற்றிய படிப்பு. “ஐஸ் வைக்கறதுக்கு ஒரு படிப்பா? அது உங்கம்மாகிட்ட வேலை ஆகணும்னா நானே நல்லா செய்வேனே” என்று சிரித்துச் சிரித்து அனுப்பிவைத்தார் அவள் அப்பா. தெருவில் அவர் பாய்லர்காரர். காலையில் பாய்லரைப் பற்றவைத்து நீராவியின் அழுத்தம் ஏறுகிறவரை முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். உபரி நீராவி வெளியேறும் குழாய்க்கு அடியில் மூடிபோட்ட ஒரு பாத்திரத்தை வைத்து உருளைக்கிழங்கும் முட்டையும் வேகவைப்பார். அந்த வீட்டின் காலைச் சாப்பாடு பாதி நாள் அதுதான்.

“பரிமாற்றம்னா என்ன? நாம ஒண்ணு குடுத்தா அவங்க ஒண்ணு குடுக்கணும்” என்று அவள் போன புதிதில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். “நம்ம பொண்ண வாங்கிட்டுப் போனாங்கல்ல, பதிலுக்கு ஒருத்தர அனுப்பணுமா வேண்டாமா? ரோலர்ல நிக்க ஆளில்லாம என் பொண்டாட்டி தவிக்கிறா.”

அவர் விளையாட்டாகச் சொன்னது நிஜம்தான். மகளுக்குப் பதிலாக ஆள் போடலாம் என்று அவர் எத்தனையோ தடவை கேட்டும் லாண்டரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “அரை வருஷந்தானே, நான் பாத்துக்கறேன்” என்றாள். ஒரு முனையைக் கொடுத்துவிட்டு ஓட்டமாக ஓடி அடுத்த முனையை நீவிவிட்டாள். அப்படி எட்டி நீவும்போதுதான் ஒருநாள் முன்கை உருளையின் சூட்டில் பட்டுவிட்டது. தொலைபேசியில் மூச்சுவிடவில்லை. மகள் திரும்பி வந்து, முதல் நாள் ரோலருக்கு முன்னால் நின்று, அம்மாவின் கை நீண்டபோதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

“இது எப்போ?”

“அது கிடக்கு. முனையப் புடி.”

இப்போது அதே பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. படிக்கவும் சாப்பிடவும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். முன்பு சொல்லிக்கொடுத்த அதே பேராசிரியை கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். முந்தைய பயணத்துக்குத் திரும்பி வரும் தேதி டிக்கெட்டிலேயே இருந்தது. இதற்கு அது கிடையாது. இரண்டு வருஷம் என்கிறார்கள், அதற்கு மேலும் நீளும் என்கிறார்கள், அங்கேயே வேலை என்கிறார்கள்.

செய்தி வந்த அன்று கிளிப்பு தட்டிலிருந்த கிழங்கை உரித்துக்கொண்டே, “நான் போகல” என்றாள்.

“ஏம்மா?” என்றார் அப்பா.

“போய்ப் பாத்தாச்சுல்லப்பா. ஒரே குளிரு. பகல் மூணு மணிக்கே இருட்டிடும். இங்கயே ஏதாவது படிக்கறேன்.”

பாய்லர்காரருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மூட்டை இறக்க வந்த வேன்காரரிடம், “வெளிநாட்டையே வேணாம்னுட்டா எம் பொண்ணு” என்றார். எதிர்வீட்டில் இருந்துகொண்டு லாண்டரித் துணிகளுக்குப் பட்டன் தைத்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுத் தரும் பட்டனக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். லாண்டரியம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் ரோலரில் அவள் சொன்ன ஒவ்வொரு “ம்”மும் பாட்டின் நடுவில் வருவதுபோல் இருந்தது. விரிப்புகள் நூல் பிடித்தாற்போல் நேராகப் போயின.

அவள் இதுவரை மகளிடம் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டால் அதற்குத் தீனி போட்டதுபோல் ஆகிவிடும் என்று ஒரு பயம். மகள் எதையாவது ஆரம்பித்தால், “அந்தத் தலையணை உறைங்கள எண்ணிட்டியா?” என்பாள். கொஞ்ச நாளில் மகளும் ஆரம்பிப்பதை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மகள் கல்லூரியில் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். பாய்லரில் அடைப்பெடுக்கும் நாள், ரோலர் ஓடாது. சும்மா இருக்கும் நாளில் வீட்டுத் துணியை எடுப்பது லாண்டரியம்மாவின் வழக்கம். அலமாரியை ஒழித்துக்கொண்டே வந்தவள் கடைசித் தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டாள். உள்ளே கம்பளி ஸ்வெட்டர். சாம்பல் நிறம். முழங்கையில் நூல் சுருண்டு உருண்டையாகியிருந்தது. ஒரு கைமுனையில் தையல் விட்டிருந்தது.

“அறிவு இருக்கா இவளுக்கு? கம்பளியப் போய் பிளாஸ்டிக்ல கட்டிவெச்சா பூஞ்சை புடிக்காதா?”

சொல்லிக்கொண்டே முகர்ந்து பார்த்தாள். துணி மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் எந்த விடுதியினுடையது, எந்த ஆஸ்பத்திரியினுடையது என்று சொல்லிவிடுவாள். தொழிலில் மூக்குக்கு அவ்வளவு பழக்கம். இது எதிலும் சேரவில்லை. ஏதோ மரத்துப் பிசின். காப்பி. நனைந்த நாய். அவள் வாங்கியே அறியாத ஒரு சோப்பு. மொத்தத்தில், வேறு வீட்டு வாடை. அந்த ஊரில் மகள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளும் அவள் நாயும் நடுக்கூடத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

இந்த வீட்டில் அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது அழுக்காகவே அடுத்த நாளைப் பார்க்காது. லாண்டரியம்மா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கம்பளியைத் துவைப்பது குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. வெந்நீர் கூடாது, ஊறின கம்பளி வெந்நீரைக் கண்டால் சுருங்கி பொம்மைச் சட்டையாகிவிடும். அடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, துணியை அமிழ்த்தி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். அவள் அப்படித்தான் செய்தாள். தண்ணீர் பழுப்பாக வந்தது. முதல் அலசலுக்குப் பிறகு முகர்ந்தாள்: பிசின் வாடை அப்படியே இருந்தது. பருத்தி எதையும் சட்டென்று கொடுத்துவிடும். கம்பளி விடாக்கண்டன், ஒவ்வொரு மயிரிலும் பிடித்துவைத்திருக்கும். இரண்டாம் அலசலில் பிசின் போயிற்று, காப்பி போயிற்று, நாய் போயிற்று. சோப்பு மட்டும் மங்கலாக நின்றது. “நீயா நானா பாத்துடலாம்” என்று மூன்றாவது தடவை தண்ணீர் மாற்றினாள். அதிலே போயிற்று. சுத்தமாகப் போயிற்று.

பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்தாள். தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும் என்று, நிழலில் வலைமேல் கிடத்தி, கையை இழுத்து, கழுத்தை வட்டமாக்கி, உருவம் பிடித்தாள். அன்று அடித்த காற்றில் சாயங்காலத்துக்குள் காய்ந்தும் விட்டது. நூலுருண்டைகளைச் சீப்பால் வாரி எடுத்தாள். கைமுனைத் தையலைப் பட்டனக்காவிடம் கொடுத்து அதே நிறத்தில் போட்டு வாங்கினாள். கடையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்ததுபோல் இருந்தது. மகளுடைய கட்டிலில் மடித்து வைத்துவிட்டு, வந்து பார்த்தால் என்ன சொல்வாள் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கிளிப்பு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அறைக்குள் போனாள். சத்தமே இல்லை.

லாண்டரியம்மா எட்டிப் பார்த்தாள். மகள் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் தூக்கி முகத்தில் வைத்திருந்தாள். கழுத்தை முகர்ந்தாள். திருப்பி அக்குளை முகர்ந்தாள். கைமுனையின் தையலை விரலால் விரித்து, மடிப்புக்குள் மூக்கை நுழைத்துத் தேடினாள்.

“எப்படி? புதுசாட்டம் ஆயிடுச்சுல்ல?”

மகள் திரும்பினாள். சிரித்தாள்.

“ஆமாம்மா. நல்லா இருக்கு. தையல்கூடப் போட்டிருக்க.”

“பட்டனக்கா போட்டா. பிளாஸ்டிக்ல கட்டி வெக்காத இனிமே.”

“ம். வெக்கல.”

ஸ்வெட்டரைக் கட்டிலில் வைத்துவிட்டு, “குளிச்சிட்டு வந்துடறேன்” என்று குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

தண்ணீர் விழும் சத்தத்தோடேயே வாழ்ந்தவள் லாண்டரியம்மா. துணியில் விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம். வாளியில் விழும் தண்ணீருக்கு, வாளி நிறைய நிறைய மாறிக்கொண்டே போகும் ஒரு சத்தம். உடம்பில் விழுவது விட்டு விட்டுக் கேட்கும். இதுவோ வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மாறவே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் ஒருத்தி சும்மா நின்றால் மட்டும்தான் அப்படி விழும்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை எடுத்துத் தானும் முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. அவள் கைவேலை அவ்வளவு சுத்தம். ‘பூஞ்சை புடிக்கும்னு நெனச்சேனே பாவி, எதுக்குப் புள்ள கட்டிவெச்சிருக்குன்னு யோசிச்சேனா’ என்று ஓடியது மனம்.

சாப்பாட்டின்போது பாய்லர்காரர் அடைப்பில் வந்த உப்புக்கட்டியைக் காட்டி, “பாறையாட்டம் இருக்கு பாரு, நம்ம ஊர்த் தண்ணி” என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ‘ஓஹோ’ சொல்லிக்கொண்டிருந்தாள். கண் இமை தடித்திருந்தது. லாண்டரியம்மா மெல்லக் கேட்டாள்:

“அந்த ஊருக்குப் பதில் எழுதிட்டியா?”

“இல்ல. நாளைக்கு எழுதிடறேன். வரலன்னுதானே, ரெண்டு வரி.”

“மனசுல போகணும்னு இருக்காடி?”

“இல்லம்மா. அதான் சொன்னேன்ல.”

சொல்லும்போது மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். முன்கைத் தழும்பைப் பார்த்தாள். லாண்டரியம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குளிருமில்லை, இருட்டுமில்லை.

விளங்கியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை முழுக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு லேசு என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. பொய் சொல்ல வேண்டாம், தடுக்க வேண்டாம், அழ வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் தன் கையாலேயே ரெண்டு வரி எழுதிவிடுவாள். நாளையும் மறுநாளும் அதற்கடுத்த வருஷமும் எதிர் முனையை அவளே பிடித்திருப்பாள். வியாழனன்று ரோலருக்கு முன்னால் நின்றபோது மகளின் கை ஒவ்வொரு “ம்”முக்கும் சரியாக விட்டது. ஒரு கோணல் கிடையாது. கண் மட்டும் துணியில் இல்லை. பொழுது சாயும்போது, “எழுதிட்டியா?” என்று கேட்டதற்கு, “காலைல எழுதிக்கறேம்மா, இன்னும் நேரமிருக்கு” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளிப்பு கூந்தலை முடிந்துகொண்டே கூடத்துக்கு வந்தபோது, ரோலருக்கு இடதுபக்கம், அவள் நிற்கும் இடத்தில், பட்டனக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

“என்னம்மா இது?”

“இன்னைலேருந்து அக்கா இந்தப் பக்கம்.”

“அப்ப நான்?”

“நீ பின்னாடி போய் வர்றத மடி. கெளம்பற வரைக்கும்.”

“எங்க கெளம்பறேன்? போகலன்னு சொன்னேன்ல?”

“சொன்ன. கேக்க நல்லா இருந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னு நானும் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.” லாண்டரியம்மா விரிப்பின் விளிம்பைத் தேடி எடுத்தாள். “அக்கா, முனைய இறுக்கிப் புடி. நான் ‘ம்’ங்கறப்ப விடு.”

“தையல் ஊசியப் புடிச்ச கைம்மா இது, இப்படிக் கொதிக்கிற எடத்துல நிக்கவெச்சிருக்க” என்றாள் பட்டனக்கா. “கை வெந்தா உன் வீட்டு வாசல்லயே படுத்துக்குவேன், பாத்துக்க.”

“படு. பாய் தர்றேன். ம்.”

பட்டனக்கா முந்திவிட்டாள். விரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஓரத்தில் மடிப்பு விழுந்தது.

“கோணலா போகுதும்மா!” என்று கத்திக்கொண்டே கிளிப்பு கையை நீட்டினாள்.

“போகட்டும். தொடாத.”

“போகட்டுமா? நீயா சொல்ற?”

“தண்ணி தெளிச்சு மறுபடி குடுப்போம். பத்து நாள் கோணலா போகும், பதினோராவது நாள் நேரா போகும். உனக்கு மட்டும் பொறந்தப்பவே வந்துச்சா?”

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் எடத்துல ஆளப் போட்டுட்டு என்னைத் தொரத்தறியா? உனக்குக் கை வெந்தத நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? நான் அங்க சிரிச்சிக்கிட்டு ஃபோட்டோ அனுப்பிட்டு இருந்தேன், நீ இங்க ஒத்த ஆளா...”

“ஒத்த ஆளா நிக்கச்சொல்லி நீ சொன்னியா? உங்கப்பா ஆள் போடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். ஆளப் போட்டுட்டா நீ வரமாட்டியோன்னு ஒரு கிறுக்கு. அதுக்கு வெந்தது இது. உன் கணக்குல எழுதாத.” முன்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “உன் ஸ்வெட்டர மூணு தடவ அலசினேன்டி. ரெண்டாவதுலயும் அந்த வாசனை போகமாட்டேன்னுச்சு. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.”

பாய்லர்காரர் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலருகே வந்து நின்றிருந்தார். மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். திரும்பிப் போய் உபரி நீராவியைத் திறந்துவிட்டார். தேவைக்கு மேலேயே நெடுநேரம் அது உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் மூக்கைச் சிந்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியதும் லாண்டரியம்மா இன்னொரு விரிப்பை உதறிக்கொண்டே, அடுத்த வீட்டுச் சமாச்சாரம் விசாரிப்பதுபோல் கேட்டாள்:

“ஏண்டி, அந்தக் குளிர்ல துணி எப்படிக் காயும்?”

“என்னது?”

“துணி. வெயிலே கெடையாதுங்கற. ஈரத் துணிய எங்க போடுவாங்க?”

கிளிப்பு கண்ணைத் துடைத்தாள். “வெளியதான் போடுவாங்க.”

“பனியிலயா?”

“பனியிலதான். நானும் முதல்ல அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பைத்தியம்னுதான் நெனச்சேன். பெரிய விரிப்ப எடுத்துட்டுப் போய் கொடியில போட்டாங்க. கொஞ்ச நேரத்துல உறைஞ்சு பலகையாயிடுச்சும்மா. தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. காத்தடிச்சா அப்படியே கதவாட்டம் ஆடுது.”

“அப்புறம் உள்ள எடுத்துட்டு வந்து உருகவிடுவாங்களா?”

“இல்லம்மா, அதான் விஷயமே!” ஒரு அடி முன்னால் வந்தாள். “உருகவே உருகாது. அங்கயே விட்டுடணும். ஐஸு தண்ணியா மாறாமயே காத்தோட காத்தா போயிடும். நேரா. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போய்த் தொட்டா மெத்துனு இருக்கும். காஞ்சிருக்கும்.”

“சொட்டவே சொட்டாதா?”

“ஒரு சொட்டு சொட்டாது. கொடிக்குக் கீழ பனியில ஒரு ஈரப் பள்ளம்கூட இருக்காது. அத நான் பேராசிரியைகிட்டப் போய்க் கேட்டேன். அதுலேருந்துதான் எனக்கு அவங்க மலைமேல இருக்கற பனிய எல்லாம் காட்டினாங்க. அதுவும் இதே மாதிரிதாம்மா, உருகாமயே கொஞ்சங் கொஞ்சமா காத்துல போயிக்கிட்டு இருக்கு. எவ்வளவு போகுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அதத்தான் அங்க...”

சொல்லச் சொல்ல அவள் கைகள் விரிந்தன. இல்லாத கொடியைக் காட்டின, இல்லாத மலையைக் காட்டின. வந்ததிலிருந்து அவள் இவ்வளவு பேசி லாண்டரியம்மா பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போலவும், இப்போதே பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. பட்டனக்கா முனையைப் பிடித்தபடியே, “அட, அட” என்று வாய் பிளந்து நின்றாள்.

“காஞ்சத யாரு மடிப்பா?” என்றாள் லாண்டரியம்மா.

“நானும் அந்தம்மாவும்.”

“எதிர்ல நின்னா?”

“ஆமா. ஆளுக்கு ரெண்டு முனை.”

லாண்டரியம்மா விரிப்பின் விளிம்பை விரலால் நீவினாள். “நேரா மடிப்பாங்களா?”

கிளிப்பு சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். “எங்கம்மா! ஓரம் ஒரு பக்கம் போகும், நடு ஒரு பக்கம் போகும். அப்படியே சுருட்டி அலமாரியில தள்ளிடுவாங்க.”

“அப்போ போய்ச் சொல்லிக்குடு” என்றாள் லாண்டரியம்மா.

பிறகு பட்டனக்கா பக்கம் திரும்பி, “ம்” என்றாள்.